வாந்தி நிறுத்திய கவிதைகள்

முல்லைக்கரை இலக்கிய வட்டத்தில் நாங்கள் எல்லோரும் கவிஞர்கள். கேட்பதற்கென்று யாரும் வருவதில்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கம்பம் ஊரில் ஒரு டுட்டோரியல் மாடியில் கூடுவோம். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் குனிந்து தங்கள் கவிதையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். வாசித்து முடித்ததும் கைதட்டுவார்கள். அதைப் பாராட்டு என்று புதிதாக வருகிறவர்கள்தான் நம்புவார்கள். அடுத்த ஆள் எழுந்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

அங்கே நான் ஏழு வருடம் கைதட்டியிருக்கிறேன். என் பெயர் சுந்தரலிங்கம். கவிதைக்கு மௌனநேசன். பிழைப்புக்கு ஒரு உரக்கடையில் வேலை. பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடும் விளம்பரத் தாள்களில் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். என் கவிதைகள் எல்லாம் அதில்தான் பிறந்தன. முன்பக்கம் ஏதாவது ஒரு புழுவின் வண்ணப்படம், பின்பக்கம் நான். நான் தாளைத் தூக்கிப் பிடித்து வாசிக்கும்போது எதிரே இருப்பவர்களுக்குத் தெரிவது புழுதான் என்று என் மனைவி வேல்விழி ஒருமுறை சொன்னாள். அவள் கூட்டத்துக்கு வந்தது அந்த ஒருமுறைதான்.

என் கவிதை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். அதனால் ஒன்றைத் தருகிறேன்.

மௌனத்தின் மடியில்
மௌனம் உறங்குகிறது
மௌனத்தை எழுப்பாதே
மௌனமே.

இது தொடக்கம் மட்டும். இதே போக்கில் நான்கு பக்கம் போகும். இப்படிப்பட்டவற்றைத் தொகுத்து ‘சூன்யத்தின் சிறகுகள்’ என்று பெயர் வைத்திருந்தேன். என் பெயர் போட்ட புத்தகத்தை யாராவது மேடையில் தூக்கிக் காட்ட வேண்டும். எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை. எங்கள் பையன் சூரியபிரகாஷை நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பியபோதுகூட, அடுத்த கூட்டத்தில் எதை வாசிக்கலாம் என்றுதான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். வேல்விழி சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள் தேனி வரும்வரை பேசவில்லை. தலைவலி என்று நினைத்துக்கொண்டேன்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் புலவர் வைகுண்டராஜ் அணிந்துரை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அச்சகம் வைத்திருக்கும் செல்வின் அச்சடிப்பார், வட்டம் வெளியீட்டு விழா நடத்தும். அணிந்துரை இல்லாத புத்தகம் தாலி கட்டாத கல்யாணம் என்பார் புலவர். என் கவிதைகளை அவரிடம் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

புலவருக்கு அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம். எப்போது கேட்கப் போனாலும் பந்தலுக்குள் வரச் சொல்வார். புலவர் குள்ளம். கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த பந்தலுக்குக் கீழே அவர் நிமிர்ந்து நிற்பார், நான் இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அப்படிக் குனிந்தபடியே கேட்டேன்.

“ஐயா, அந்த அணிந்துரை...”

ஒரு குலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். “கவிதை என்றால் ஆளை அசைக்க வேண்டும் தம்பி. உள்ளே கிடப்பதைப் புரட்டி வெளியே எடுக்க வேண்டும். உம்முடையதைக் கேட்டு அசைந்த ஆள் ஒருவரைக் காட்டும். ஒரே ஒருவர். அன்றைக்கே எழுதித் தருகிறேன்.”

“ஒருத்தர் போதுமாய்யா?”

“போதும். ஆனால் உம் மனைவி கணக்கில் சேரமாட்டார்.”

“அவளச் சேத்தாலும் தேறாதுய்யா” என்றேன். கவிதை என்று நான் வாயைத் திறந்தாலே வேல்விழி மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

கழுத்து வலியோடு வீட்டுக்கு வந்தேன். ஒரே ஒரு ஆள். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க எனக்காக அசைய ஒரு ஆள் இல்லாமலா போய்விடும் என்று இருந்தது. ஆனால் யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமைகளில் கேரள எல்லை மலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய் மருந்துக்கு ஆர்டர் எடுத்து வருவது என் வேலை. தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் கிளம்பும். நான் சின்னக்கருப்பின் ஜீப்பில் போவேன். டிரைவருக்குப் பக்கத்தில் ஓரத்தில் எனக்கு ஒரு இடம். பின்னால் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் இருக்கிற மாதிரி நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் தூக்குச்சட்டி, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பிளாஸ்டிக் கவர். கம்பம்மெட்டு மலையில் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் முதலில் எலுமிச்சம்பழம் மூக்குக்குப் போகும், அடுத்து கவர் வாய்க்குப் போகும். ஜக்கம்மா என்று ஒரு பெண். அவள் முதல் வளைவில் ஆரம்பித்தால் செக்போஸ்ட் வரைக்கும் ஓயமாட்டாள். தினமும் அதே மலைதான், தினமும் அதே பாடுதான். சின்னக்கருப்பு அவளைக் கடைசியில் கதவோரமாகவே உட்கார வைப்பான்.

அந்த வியாழக்கிழமை என் மனசெல்லாம் ஞாயிற்றுக் கூட்டத்தில் இருந்தது. வாசிப்பதற்கு ஒத்திகை வேண்டும். வீட்டில் மிக்ஸி. கடையில் முதலாளி. எனவே ஜீப்பில் தாளை எடுத்தேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் சற்று உரக்கவே வாசித்தேன். மௌனத்தின் மடியில் மௌனம் உறங்கி, சூன்யத்தின் தோளில் சூன்யம் சாய்ந்து, வெறுமையின் விரலை வெறுமை பற்றி நடந்து, நான்கு பக்கமும் முடிந்து மறுபடி முதலில் இருந்து தொடங்கியபோது செக்போஸ்ட் வந்துவிட்டது.

சின்னக்கருப்பு வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வழியில் வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

“என்னண்ணே, ஒருத்தரும் கக்கல?” என்றான்.

பின்னால் எல்லோரும் தெளிவாக உட்கார்ந்திருந்தார்கள். ஜக்கம்மாவின் கவர் மடித்தது மடித்தபடி மடியில் கிடந்தது. அவள் இறங்கி முன்பக்கம் வந்தாள். அவள் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். அதற்கு முன்னால் அது எப்போதும் கவருக்குள்ளேதான் இருக்கும்.

“அண்ணே, என்னமோ படிச்சுக்கிட்டே வந்தீகளே, அது என்னது?”

“கவிதை.”

“நல்லாருந்துச்சுண்ணே. நாளைக்கும் வருவீகளா?”

ஏழு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தோட்டத்து மேனேஜர் என்ன ஆர்டர் கொடுத்தார், நான் என்ன எழுதிக்கொண்டேன் என்று எதுவும் மனதில் நிற்கவில்லை. ஒரு தோட்டம் கேட்ட மருந்தை வேறு தோட்டத்துக்கு அனுப்பி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. சனிக்கிழமை காலை கடை திறந்ததும் சின்னக்கருப்பு வந்து நின்றான்.

“நேத்து வண்டி நாறிப்போச்சுண்ணே. எல்லாப் பொம்பளைகளும் உங்களத்தான் கேக்குறாக. தெனமும் வந்துருங்க. முன் சீட்டு உங்களுக்குத்தான், வேற யாரையும் ஏத்தல.”

அன்றிலிருந்து தினமும் விடியலில் மலை ஏறி, கவிதை வாசித்து, முதல் பஸ்ஸில் இறங்கி, கடை திறக்கும் நேரத்துக்கு வந்துவிடுவேன். சின்னக்கருப்பு ஜீப்பில் ஏற அடிதடி. மற்ற ஜீப்புகள் காலியாக நிற்க, இங்கே ஏணியில்கூட ஆள் தொங்கியது. மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு அம்மாள், பேத்தி கல்யாணத்துக்கு நெடுங்கண்டம் போக வேண்டும் என்று, வாந்திக்குப் பயந்து பல வருடமாக ஏறாத மலையை ஏற வந்தார். போய்ச் சேர்ந்ததும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புகழ் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வேல்விழிக்கும் ஒருவகையில் சந்தோஷம்தான். “எத்தன வருசமா எழுதுனீக, இப்பத்தான் அது நாலு பேருக்கு ஒதவுது” என்றாள். அவள் குரலில் கேலி இருந்ததா என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. காலையில் சூடாகக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். கவிஞனான பிறகு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

புலவரிடம் போனேன். பந்தலுக்குள் குனிந்து நின்றாலும் குரலை நிமிர்த்திச் சொன்னேன். “ஒரு ஆள் கேட்டீக. ஒரு ஜீப்பு நிறைய வச்சிருக்கேன்.”

அவர் நம்பவில்லை. பார்த்து வரும்படி செல்வினை அனுப்பினார். செல்வின் வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போடாதவர். பயந்துபோய் மேலே ஒரு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். போகும் வழியில் ஒரு பொட்டு அழுக்கு அதில் படவில்லை. செக்போஸ்ட்டில் இறங்கியதும் கோட்டைக் கழற்றிக்கொண்டே ஜக்கம்மாவிடம் கேட்டார்.

“ஏம்மா, இவரு கவிதையில உனக்கு என்ன பிடிச்சிருக்கு?”

ஜக்கம்மா யோசித்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அது என்னமோண்ணே. கேக்கக் கேக்க உள்ள ஒண்ணுமே அசைய மாட்டேங்குது.”

செல்வின் அதை அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், அடுத்த கூட்டத்தில் சொன்னார். ஏழு வருடத்தில் முதல்முறையாக எல்லாக் கவிஞர்களும் தங்கள் தாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

“தம்பி, நான் கேட்டது அசைந்த ஆள். நீர் அசையாத ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறீர், அதுவும் ஜீப்பு நிறைய” என்றார் புலவர்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் இல்லை, கோபத்தில். இத்தனை பேர் என் கவிதைக்காகக் காத்திருக்கிறார்கள், அது ஒரு பொருட்டே இல்லையா என்று கத்தினேன். புலவர் அமைதியாகச் சொன்னார். “எலுமிச்சம்பழத்துக்கும்தான் காத்திருக்கிறார்கள். அதற்கு நான் அணிந்துரை எழுத முடியுமா?”

அதோடு விட்டிருந்தால் நல்லது. விடவில்லை. சின்னக்கருப்பிடம் ஆட்களைப் பறிகொடுத்த மற்ற ஜீப்புக்காரர்கள், கவிஞர் இருந்தால்தான் வண்டி நிறையும் என்று முடிவுகட்டி, வட்டத்தில் இருந்த மற்றவர்களை அழைக்கத் தொடங்கினார்கள். செல்லப்பாண்டி என்ற ஜீப்புக்காரர் நேராகப் புலவரையே அழைத்துப் போனார். மலைவளம் பற்றிப் புலவர் புதிதாக வெண்பாக்கள் இயற்றியிருந்தார். நடந்ததைச் சின்னக்கருப்பு கடைக்கு வந்து சொன்னான்.

“ஐயா ஏறுனாக. மொத பாட்ட எடுத்தாக. வண்டி இன்னும் ஊரத் தாண்டல, வளைவே வரல. அங்கனயே அன்னத்தாய் அத்தை ஆரம்பிச்சிருச்சு. பெறகு வரிசையா எல்லாரும். ஐயா நிறுத்தவே மாட்டேனுட்டாக. செல்லப்பாண்டி கெஞ்சுறாரு, இவக அடுத்த பாட்டுக்குப் போறாக.”

எனக்கு மனசுக்குள் குளிர்ந்தது. புலவர் இனி தலைகாட்டமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அவர் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

“நான் என்ன சொன்னேன்? உள்ளே கிடப்பதைப் புரட்டி வெளியே எடுப்பதே கவிதை. அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்” என்றார்.

இப்படித்தான் வாந்தி எங்கள் வட்டத்தின் அளவுகோல் ஆனது. நான் மிகைப்படுத்துவதாக நினைக்கக்கூடாது. சீருக்கும் தளைக்கும் சண்டை போட்ட மனிதர்கள், யார் எந்த வளைவில் எத்தனை பேரைப் புரட்டினார்கள் என்று சண்டை போட்டார்கள். சமூகக் கவிதை எழுதும் ஒருவர் தனக்கு எட்டுப் பேர் என்றார், அதில் ஒருவர் டிரைவர். காதல் கவிதை எழுதும் ஒருவர் முதல் வளைவிலேயே ஒரு பெண்ணைப் புரட்டியதாகச் சொன்னார். விசாரித்ததில் அந்தப் பெண் நான்கு மாதக் கர்ப்பிணி என்று தெரிந்தது. கர்ப்பிணிகள் கணக்கில் சேரமாட்டார்கள் என்று புலவர் தீர்ப்புச் சொன்னார். செல்வின் அதைக் கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்.

அந்த மாதம் யாருக்கு எவ்வளவு என்று பேச்சு வரும்போது எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு எப்போதும் பூஜ்யம். சூன்யத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவனுக்கு அது பொருத்தம்தான் என்று ஒருவர் சொல்ல, மறுபடி சிரிப்பு.

இரண்டு மாதத்தில் ஜீப்புக்காரர்கள் தெளிந்துவிட்டார்கள். தோளில் ஜோல்னாப் பை தொங்கினால் ஏற்றுவதில்லை என்று ஸ்டாண்டில் பேசி வைத்துக்கொண்டார்கள். என்னைத் தவிர எல்லாக் கவிஞர்களும் இறக்கிவிடப்பட்டார்கள். இறக்கிவிடப்பட்டதை அவர்கள் விருது மாதிரி சொல்லித் திரிந்தார்கள். மலையில் கவிதை வாசிக்க அனுமதி உள்ள ஒரே ஆள் நான். வட்டத்தில் கவிஞன் என்று ஒப்புக்கொள்ளப்படாத ஒரே ஆளும் நான்.

எனக்கு வாசிக்கவே கசந்துபோனது. ஆனாலும் வாசித்தேன். நிறுத்தினால் ஜக்கம்மா ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் மழையில் பாதை அடைத்து, செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமே வண்டிகள் நின்றுவிட்டன. எல்லோரும் இறங்கி ஒரு சாயாக்கடையில் ஒதுங்கினோம். நான் எரிச்சலோடு ஜக்கம்மாவிடம் கேட்டேன்.

“நான் படிக்கும்போது நீ என்னதான் நெனச்சுக்கிட்டு வருவ?”

“ஒண்ணும் நெனைக்க மாட்டேண்ணே. அதான நல்லாருக்கு.”

“ஒண்ணுமேவா?”

“ஆமாண்ணே. நீங்க படிக்கலேன்னா பிள்ள நெனப்பு வந்துரும். அது வந்தாத்தான் எனக்குக் கொமட்டும்.”

சாயாவை ஆற்றிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பெண் குழந்தை, நான்கு வயது, பெயர் திரிஷா. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். விடியுமுன்னே குழந்தையை எழுப்ப முடியாது, எழுப்பினால் விடாது. அதனால் தன் பழைய சேலை ஒன்றைச் சுருட்டி, குழந்தை பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவாள். வெளிச்சம் வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வந்து எழுப்பி, பால்வாடிக்குக் கூட்டிப்போகும்.

“சேலைய நானுன்னு நெனச்சுக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்கும்ணே. இங்கன ஒவ்வொரு வளைவுலயும் எனக்கு, இப்ப முழிச்சிருச்சோ, இப்ப முழிச்சிருச்சோன்னு இருக்கும். அப்படியே பொரட்டிக்கிட்டு வரும்.”

செல்லப்பாண்டி ஜீப்பை விட்டு எங்கள் ஜீப்புக்கு வந்துவிட்ட அன்னத்தாய் பக்கத்தில் நின்று “யாருக்குத்தான் இல்ல” என்றார். அவ்வளவுதான் பேச்சு. வழி திறந்து ஜீப்பு கிளம்பியதும் ஜக்கம்மா பின்னாலிருந்து “அண்ணே, ஆரம்பிங்க” என்றாள். மௌனத்தின் மடியில் மௌனம் உறங்குகிறது என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கடையில் ஒரு விளம்பரத் தாளை எடுத்து எழுதினேன். வழக்கமாக ஒரு கவிதைக்கு நான்கு தாள் ஆகும். இது ஒரே தாளில் முடிந்துவிட்டது. மௌனம், சூன்யம், வெறுமை மூன்றும் எங்கேயும் வரவில்லை. அதனால் இது கவிதைதானா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன். வேல்விழி துவைப்பதற்காகப் பையைத் துழாவி, அந்தத் தாளை எடுத்தாள். கடை விளம்பரமா, கவிதையா, வைப்பதா, எறிவதா என்று பார்ப்பவள் மாதிரிதான் புரட்டினாள். பிறகு நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் தாளை அலமாரியில் வைத்தாள். அடுப்படிக்குப் போனாள். மிக்ஸி ஓடவில்லை.

சாப்பிடும்போது ரசத்தில் இரண்டு மடங்கு உப்பு. அவளாகவே கேட்டாள்.

“ஆஸ்டல்ல மொத நாள் ராத்திரி நம்ம பையன் என்ன செஞ்சிருப்பான்?”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் நான் அதை யோசித்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது.

“அத நாளைக்கு அங்கன படிக்காதீக. பாவம், மலை ஏறுற பொம்பளைக” என்றாள்.

காலையில் மௌனத்தின் நான்கு தாளையும் இந்த ஒரு தாளையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். மௌனத்தையே வாசித்துவிடுவது என்றுதான் ஜீப்பில் ஏறினேன். வேல்விழி சொன்னது சரி. அந்தப் பெண்களின் வயிறும் எனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் அட்டைப்பூச்சிகள் கடிக்கக் கடிக்க வேலை செய்யப் போகிறவர்கள். ஆனால் புலவர் கேட்ட அந்த ஒரு ஆள் எனக்கு வேண்டியிருந்தது. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது நான் எழுதியதைக் கேட்டு அசைய வேண்டும். அந்த ஆசையை அடக்க எனக்குத் தெரியவில்லை.

அடிவாரத்தில் முதல் வளைவு வந்தபோது அந்த ஒற்றைத் தாளை எடுத்தேன்.

சுருட்டி வைத்த சேலையை
நானென்று கட்டிக்கொண்டு தூங்குகிறாய்.
ஜீப்பு முதல் வளைவில் திரும்புகிறது.
நீ புரண்டால்
சேலை புரண்டு படுக்காது
என்பது உனக்கு எப்போது தெரியும்?
இந்த வளைவிலா?
அடுத்த வளைவிலா?

தாளில் இன்னும் பாதி இருக்கும்போதே பின்னால் சத்தம் அடங்கிவிட்டது. தூக்குச்சட்டிகள் மோதிக்கொள்வது மட்டும் கேட்டது. பிறகு ஒரு கவர் பிரியும் ஓசை. அடுத்தது இன்னொன்று. அன்னத்தாய் “வண்டிய நிறுத்துலே” என்றார். சின்னக்கருப்பு ஓரம் கட்டுவதற்குள் ஜீப்பு முழுக்கத் தொடங்கிவிட்டது. சன்னல் பக்கம் இருந்தவர்கள் சன்னல் வழியாக, நடுவில் இருந்தவர்கள் கவரில், கவர் இல்லாதவர்கள் இறங்கி ஓடிப் பாதையோரக் கட்டைச்சுவரைப் பிடித்துக்கொண்டு. ஜக்கம்மா சுவரின் கடைசியில் மண்டியிட்டிருந்தாள். அவள் முதுகு குலுங்கியது. அது வாந்தியா, அழுகையா என்று நான் இருந்த இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

“என்னண்ணே படிச்சுத் தொலைச்சீக” என்றான் சின்னக்கருப்பு. அவன் கண்ணும் சரியில்லை. “நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு. இத்தன நாள் எடுத்த பேரு ஒரே நாள்ல போச்சே.” சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். அவனுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

வட்டத்தின் அளவுப்படி பார்த்தால் ஒரு ஜீப்பு முழுவதும், கண் கலங்கிய டிரைவரையும் சேர்த்து. புலவரின் வெண்பாவால்கூட ஆகாத காரியம். நேராக அனுமந்தன்பட்டிக்குப் போய்ப் பந்தலுக்குள் நின்று கேட்டிருக்கலாம், மறுக்க முடியாது. அந்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. இவர்கள் இனி என்னை ஏற்றமாட்டார்கள், நாளைக்கு முன் சீட்டில் வேறு யாரோ இருப்பார்கள் என்பதுதான் தோன்றியது. இத்தனை நாள் இவர்களுக்கு நான் செய்துவந்த ஒரே உதவியை நானே கெடுத்துவிட்டேன். தாளை மடித்தேன். புழுவின் படம் மேலே வந்தது.

ஒவ்வொருவராக வாய் கொப்பளித்து, முகம் துடைத்து வந்து ஏறினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஜக்கம்மா கடைசியாக வந்தாள். வழக்கமான கதவோர இடத்துக்குப் போகவில்லை. அன்னத்தாயை நகரச் சொல்லிவிட்டு, எனக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து புதுக் கவர் ஒன்றை எடுத்து உதறி வாயைப் பிரித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மிச்சத்தையும் படிங்கண்ணே” என்றாள். “கவரு வச்சிருக்கேன்.”